எந்த வரியை மறுக்கிறீர்கள்?

வணக்கம் ஐயா,

முதுகலை முதலாண்டில் சமகால அரசியல் தத்துவம் படிக்கிறேன். ரால்ஸின் நீதிக் கோட்பாடு பற்றிய நூலை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி நூறு பக்கத்தில் நின்றுவிட்டேன். பிறகு அறிமுக நூல்களுக்குப் போனேன். ரால்ஸ் சமத்துவத் தாராளவாதி, நோசிக் சுதந்திரவாதி, சாண்டல் சமூகவாதி என்று இப்போது சொல்லத் தெரிகிறது. ஆனால் நான் கொடுத்த இரண்டு கட்டுரைகளும் ‘விவரணை மட்டுமே இருக்கிறது, வாதம் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தன. எதை எந்த வரிசையில் வாசிப்பது? வாதம் என்று எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?

ச.

அன்புள்ள ச.,

ரால்ஸை நூறு பக்கத்தில் விட்டதற்காக வருந்த வேண்டாம். 1971-இல் வந்த அந்த நூலில் 87 பகுதிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தேவையில்லை என்பதற்கு முன்னுரையில் அவரே வழி சொல்லியிருக்கிறார். முன்னுரையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. முதலில் 1 முதல் 4 வரை. அங்கிருந்து நேராக 11 முதல் 17 வரை. பிறகு தொடக்க நிலையை, அதாவது சமூகத்தில் தன் இடம் எது என்று தெரியாமலே நீதிக் கொள்கைகளைத் தேர்ந்தெடுக்கும் கற்பனை நிலையை, விளக்கும் மூன்றாம் அத்தியாயம் முழுவதும். அதன்பின் 33 முதல் 35, 39, 40. மொத்த நூலில் இது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் கோட்பாட்டுக்கு இன்றியமையாதவை பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். 1999-இன் திருத்திய பதிப்பில் பக்க எண்கள் மாறிவிட்டன என்பதால், குறிப்பெடுக்கும்போது பகுதி எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றில் ஒரு பங்கில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது வேறுபாட்டுக் கொள்கை. எண்களை வைத்துப் பார்த்தால் தெளியும். மூன்று குழுக்கள் உள்ள ஒரு சமூகம், அதற்கு மூன்று ஏற்பாடுகள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் அவர்களுக்குக் கிடைப்பது 10, 10, 10. இரண்டாவதில் 12, 20, 30. மூன்றாவதில் 11, 25, 60. சமத்துவம் மட்டுமே குறி என்றால் முதலாவதை எடுக்க வேண்டும். மொத்தம்தான் பெருக வேண்டும் என்றால் மூன்றாவது; அதன் கூட்டுத்தொகை 96. ரால்ஸின் கொள்கை இரண்டாவதை எடுக்கிறது, கடைப்படியில் இருப்பவருக்கு அதில்தான் அதிகம் கிடைக்கிறது என்பதால். ‘எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்கிறார் ரால்ஸ்’ என்று எழுதினால் கட்டுரை அந்த இடத்திலேயே தடம் புரண்டுவிடும். இன்னொன்றும் உண்டு. இந்த எண்கள் யார் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதைக் காட்டவில்லை. வருமானம், செல்வம் போன்ற முதன்மை நலன்களைத்தான் அளக்கின்றன. சமமான அடிப்படைச் சுதந்திரங்களும் நியாயமான வாய்ப்புச் சமத்துவமும் உறுதியான பிறகே இந்தக் கணக்குக்கு இடம் வருகிறது. 12-ஐ 13 ஆக்குவதற்காக யாருடைய பேச்சுரிமையையும் விலை பேச முடியாது.

இனி வாதம். அதற்குப் பயிற்சி எடுக்க, 1974-இல் வந்த நோசிக்கின் நூலில் ஏழாம் அத்தியாயத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லேனை வைத்து அவர் எழுதிய சில பக்கங்கள் போதும். உங்களுக்கு எந்தப் பங்கீடு நியாயமாகப் படுகிறதோ அதுவே நடப்பில் இருக்கட்டும் என்று தொடங்குகிறார். ஆட்டம் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சேம்பர்லேனுக்கென்று வைத்த பெட்டியில் 25 சென்ட் மனமுவந்து போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் வந்தபின் அவர் கையில் 2,50,000 டாலர். பழைய பங்கீடு குலைந்துவிட்டது. அநீதி எந்த இடத்தில் நுழைந்தது என்று கேட்கிறார்.

இதை ஒரு தாளில் வரிவரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, தொடக்கப் பங்கீடு நியாயமானது. இரண்டு, அங்கிருந்து புதிய பங்கீட்டுக்கு வந்தது அவரவர் விருப்பத்தால் மட்டுமே. மூன்று, நியாயமான நிலையிலிருந்து விருப்பத்தால் மட்டுமே விளைவது எதுவும் நியாயமானது. ஆகவே புதிய பங்கீடும் நியாயமானது. பங்கீடு நியாயமாக இருக்க அது ஒரு குறிப்பிட்ட வடிவத்திலேயே நீடிக்க வேண்டியதில்லை.

‘ஒருவரிடம் இவ்வளவு பணம் குவிவது தவறு, ஆகவே நோசிக் சொல்வது தவறு’ என்று பதில் எழுதினால் முடிவை மட்டும் மறுக்கிறீர்கள். அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்துதானே உங்கள் சம்மதத்திலிருந்தே அவர் தொடங்குகிறார்? முடிவு பிழை என்றால் அதைத் தாங்கும் மூன்று வரிகளில் ஒன்றாவது பிழையாக இருக்க வேண்டும். எது, ஏன் என்று சொல்வதைத்தான் உங்கள் ஆசிரியர்கள் வாதம் என்கிறார்கள்.

ஜி. ஏ. கோஹன் மூன்றாவது வரியைப் பிடித்தார். 25 சென்ட் போடுகிறவர் தனக்குக் கிடைக்கும் ஆட்டத்தைத்தான் நினைக்கிறார். எல்லோரும் போடுவதால் ஒருவர் கையில் திரளும் அதிகாரத்தை நினைப்பதில்லை. பணம் போடாதவர்களும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களும் அந்த அதிகாரத்தின் நிழலில் வாழ வேண்டியிருக்கும். அவர்கள் சம்மதம் தரவில்லை. தாமஸ் நேகல் முதல் வரியில் கைவைத்தார். தொடக்கப் பங்கீட்டில் மக்களுக்குக் கிடைத்தது எந்த வகை உரிமை? யாரும் குறுக்கிட முடியாத முழு உடைமை என்று நோசிக் தாமாகவே வைத்துக்கொள்கிறார். சமத்துவம் கோருபவர் அப்படிப்பட்ட உடைமையைக் கொடுக்கவே இல்லை. இரண்டும் நோசிக்குக்கு எதிரானவை என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் தாக்கும் வரி வேறு, ஆகவே நோசிக்கின் தரப்பிலிருந்து வரும் மறுமொழியும் வேறாகத்தான் இருக்க முடியும். கோஹனுக்கு எதிராக நோசிக்கின் நூலிலேயே ஒரு பதில் கிடைக்கிறது: மூன்றாம் மனிதரின் பங்கில் எதுவும் குறையவில்லை. என்னிடம் இருப்பதன் பலம் மற்றவர்களிடம் இருப்பதையும் பொறுத்தது என்பது கோஹனின் எதிர்வாதம். என் கணிப்பில் இந்தச் சண்டையில் கோஹன் முன்னால் நிற்கிறார், ஆனால் நேகலின் எதிர்ப்பு அவருடையதைவிட ஆழமானது. நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதற்குரிய வரியைக் காட்டுங்கள், போதும்.

வாசிப்பு வரிசையையும் இதே வழியில் அமைத்துக்கொள்ளலாம்: ஆளைப் பிடித்துப் போகாமல் கேள்வியைப் பிடித்துப் போங்கள். சமத்துவம் என்றால் எதில் சமம்? அமர்த்தியா சென் இதை 1979-ஆம் ஆண்டு உரையில் எழுப்பினார்: ஒரே வருமானம் கிடைத்தாலும், நடக்க முடியாதவரால் மற்றவரைப் போல அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. 1981-இல் ட்வார்கின் இரண்டு கட்டுரைகளில் வளங்களின் சமத்துவம் என்ற விடையைக் கட்டினார். 1999-இல் எலிசபெத் ஆண்டர்சன் கேள்வியையே திருப்பினார். அதிர்ஷ்டத்தின் விளைவுகளைச் சரிக்கட்டுவது சமத்துவத்தின் நோக்கமா, ஒடுக்குமுறை இல்லாமல் சமமானவர்களாகப் பழகுவதா என்று. இந்த மூன்றையும் இதே வரிசையில் வாசித்தால் விவாதம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். தனித்தனியாக வாசித்தால் தெரியாது.

சாண்டலையும் அப்படியே. ரால்ஸின் கோட்பாடு உறவுகளிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு சுயத்தை நம்பியிருக்கிறது என்று 1982-இல் அவர் எழுதிய நூலை, ரால்ஸின் 1985-ஆம் ஆண்டுக் கட்டுரையோடு சேர்த்து வாசியுங்கள். தன் கோட்பாடு மனித சுயத்தின் இயல்பைப் பற்றிய மெய்ப்பொருள் கூற்று எதையும் நம்பி நிற்கவில்லை என்று ரால்ஸ் அதில் விளக்குகிறார். குடும்பத்துக்குள் நீதி என்ற கேள்விக்கு சூசன் ஒக்கினின் 1989-ஆம் ஆண்டு நூல். நாடுகளுக்கிடையே நீதி உண்டா என்றால் நேகலின் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை. ஒரு பருவத்துக்கு இரண்டு கேள்விகளை ஆழமாகப் பிடித்தாலே போதும்.

2,000 சொற்களில் கட்டுரை கேட்டால், நீங்கள் எடுத்துக்கொண்ட வாதத்தை வரிவரியாக விளக்க 600 போதும். ஒரே ஒரு எதிர்ப்புக்கு 400 கொடுங்கள். அந்த எதிர்ப்புக்கு மறுதரப்பு சொல்லக்கூடிய மிக வலுவான பதிலுக்கு இன்னொரு 400. அந்தப் பதில் நிற்குமா, நிற்காதா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல 450. மிச்சம் முன்னுரைக்கும் முடிவுக்கும். தத்துவவாதி எங்கே படித்தார், எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்பதற்கு ஒரு வரிகூட வேண்டாம். எதிர்ப்புகளை நான்கைந்தாக அடுக்கினால் எதையும் வளர்க்க இடம் கிடைக்காது, அதுதான் விவரணை என்று திரும்பி வரும். எழுதியதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: விளக்கப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, அந்தக் கருத்தை ஏற்பவர் இதை வாசித்தால் ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என்பாரா என்று பாருங்கள்.

திரும்பி வந்த இரண்டு கட்டுரைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பென்சிலை எடுத்து, ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று முடியும் வாக்கியங்களின் அடியில் கோடிடுங்கள். கோடு விழாத வாக்கியங்கள் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணி, அவற்றில் ஒன்றிலிருந்து அடுத்த கட்டுரையைத் தொடங்குங்கள்.