17 அங்குல ரிம் மாற்றியபின் ஸ்டீயரிங் நடுக்கம்: மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

இப்போது கொடுக்காதீர்கள். முதலில் ரிம் விற்ற கடைக்காரரிடம் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

2017 ஹோண்டா சிவிக், வெளிச்சந்தை ரிம் (ஹோண்டா தயாரிக்காதது), பிஐஇ விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கம், இருமுறை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்தும் தீரவில்லை என்கிறீர்கள். எனக்கு ரிம்மின் மையத் துளைமேல்தான் சந்தேகம். அந்தத் துளை உட்காரும் உங்கள் காரின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குமிழ், 64.1 மில்லிமீட்டர் விட்டம். பல கார்களுக்கும் பொருந்தவேண்டும் என்று இத்தகைய ரிம்களில் பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டர் துளை வைப்பார்கள். இடைவெளியை அடைக்கும் வளையம் இல்லையென்றால் சக்கரம் மையம் தவறி உட்காரக்கூடும். அப்படி உட்கார்ந்தால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயனில்லை. வளையத்தின் விலை சொற்பம். கடைக்காரரே போட்டுத் தரவேண்டியது.

அப்போதே நட்டுகளையும் பாருங்கள். ஹோண்டாவின் அசல் நட்டு உருண்டை முகம் கொண்டது, வெளி ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு முகம் வேண்டும். பழைய நட்டையே மாட்டியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், நட்டு கழன்றுவிடக்கூடும். சரியான நட்டை 108 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) அளவுக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

வளையம் சரியாக இருந்தும் நடுங்கினால் ரிம்மே வளைந்திருக்கலாம். பழைய ரிம் என்றால் இன்னும் சாத்தியம்.

ரசீதில் 5x114.3 (114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட் துளைகள்), ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), மையத் துளை மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் சிங்கப்பூர்ச் சட்டம் கருதும். இல்லையென்று கடைக்காரர்தான் நிரூபிக்கவேண்டும்.