சின்ன பட்ஜெட் பேஸ்பால் அணியை ஜெயிக்க வைப்பது எப்படி? – கேள்வி பதில்

கே: காசு இல்லாத அணியின் ஜெனரல் மேனேஜர் முதலில் எதில் கை வைக்கணும்?

ப: மற்றவர்கள் மதிக்காத திறமையில். 2002-ல் ஓக்லாண்ட் அணியின் மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர், பணக்கார அணியான நியூயார்க் யாங்கீஸுக்கு 12 கோடிக்கு மேல். இரண்டு அணிகளும் ஜெயித்தது அதே 103 ஆட்டம். ஓக்லாண்டின் ஸ்டார் பேட்டர் ஜியாம்பியை யாங்கீஸ் தூக்கிக்கொண்டு போனதும் ஜெனரல் மேனேஜர் பில்லி பீன் பிடித்த ஆட்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டெபெர்க். முழங்கை நரம்பு கெட்டு, கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) வேலைக்கு லாயக்கில்லாமல் போனவர். ஆனால் கண்ட பந்துக்கும் மட்டையை வீசமாட்டார். அடிக்க வாகில்லாமல் விலகி வரும் பந்து நாலை விட்டுவிட்டு, விதிப்படி நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடுவார். அந்தப் பொறுமைக்கு அப்போது சந்தையில் விலையே இல்லை. கான்சஸ் சிட்டியோடு 11-0 முன்னிலையைக் கோட்டைவிட்டு 11-11 ஆன ராத்திரி, மாற்று ஆளாக இறங்கி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, தொடர்ச்சியான 20-வது வெற்றியை வாங்கித் தந்தவர் அவர்தான்.

ஆனால் ஹாட்டெபெர்க் கதையை மட்டும் சொல்லித் திரியாதீங்க. ஹட்சன், மல்டர், சீட்டோ என்று மூன்று இளம் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) சல்லிசான சம்பளத்தில் இருந்தார்கள். அது இல்லாமல் 103 ஏது?

கே: ஸ்டார் வீரரை எப்போது விற்கலாம்?

ப: ஒப்பந்தத் தேதியைப் பாருங்க. கடைசி வருஷத்தில் விற்றால் அடிமாட்டு விலைதான். இன்னொரு சின்ன பட்ஜெட் அணியான டாம்பா பே 2018-ல் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரைப் பிட்ஸ்பர்குக்குக் கொடுத்தபோது அவர் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று சீசன் இருந்தது. பதிலுக்கு வந்தவர்கள் கிளாஸ்னோ, மெடோஸ், பாஸ் என்ற மூன்று இளம் வீரர்கள்.

கே: யாரையும் வைத்துக்கொள்ளவே முடியாதா?

ப: முடியும், முந்திக்கொண்டால். டாம்பா பேயின் லாங்கோரியா 2008-ல் அறிமுகமாகி ஆறே நாளில் 6 வருஷத்துக்கு 1.75 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

கே: ஐபிஎல் மாதிரிதானே?

ப: இல்லை. அங்கே ஒரு அணி ஏலத்தில் செலவிடும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. இங்கே சம்பள வரம்பை மீறினால் வரி, அவ்வளவுதான்.

கே: ஒரே ஒரு பெரிய ஸ்டாரை வாங்கிப் போட்டால்?

ப: முதல் பதிலையே திரும்பப் படிங்க.

கே: கணக்குப் பார்த்துத்தானே 2020 உலகத் தொடரில் டாம்பா பே தன் பிட்சர் ஸ்நெல்லை ஆட்டத்தின் நடுவே வெளியே எடுத்து டாட்ஜர்ஸிடம் தோற்றது?

ப: வந்துட்டீங்களா! 73 பந்து, 9 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமல் அவுட்), 1-0 முன்னிலை. ஒரே பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது பேட்டர்கள் தேறிவிடுவார்கள் என்பது உண்மைதான்.

கே: டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் அன்று அவரிடம் 6-க்கு 6 ஸ்ட்ரைக் அவுட்!

ப: அதனால்தான் நானும் எடுத்திருக்கமாட்டேன். சராசரி பொதுவானது, கண்ணெதிரே இருந்தது ஸ்நெல்.

கே: ஸ்நெல்லை எடுத்தது சரியா?

ப: மேலே சொல்லிட்டேன்.

கே: அப்புறம் ஸ்நெல் என்ன ஆனார்?

ப: அதே வருஷம் டிசம்பரில் சான் டியேகோவுக்கு விற்றார்கள். ஒப்பந்தத்தில் மூன்று வருஷம் மிச்சம்.