அந்தப் படம் அங்கேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு 29 வயது. கூட வேலை பார்ப்பவரை விரும்புகிறேன். அவர் கணவரை இழந்து 4 வருடம் ஆகிறது, மாமியாரோடு வாழ்கிறார். 'மேசோன் இக்கோகு' என்ற மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, மூன்று தடவை படித்தவன் நான். அதில் கணவரை இழந்த கியோகோவை விரும்பும் கொதாய் போலவே பொறுமையாகக் காத்திருக்கிறேன். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, ஹாலில் இருந்த கணவர் படத்தை உள்ளே மாட்டலாமே என்றேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. என் காத்திருப்பை எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அந்தப் படத்தைப் பற்றி எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அது யார் வீட்டு ஹால்? மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தினமும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பொழுதைத் தள்ளுகிறார். விருந்தாளியாகப் போன உங்களுக்கு அதைக் கழற்றச் சொல்ல எப்படி வாய் வந்தது?

மூன்று தடவை என்ன படித்தீர்கள்? ரூமிகோ தகஹாஷி 1980 முதல் 1987 வரை வரைந்த கதை அது. கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்ற கொதாய், பழைய விடுதி, விடிய விடியக் குடித்துக் கூத்தடிக்கும் அறைக்காரர்கள். சிரிக்க நிறைய இருக்கிறது, சரி. ஆனால் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் கியோகோவுக்கு அந்த வேலையைக் கொடுத்ததே இறந்த கணவரின் அப்பாதான். 'எங்கள் குடும்பப் பதிவேட்டிலிருந்து விலகி வேறு வாழ்க்கை தேடிக்கொள்' என்று அவரே சொல்லியும், புகுந்த வீட்டுப் பெயரை அவள் அத்தனை சீக்கிரம் விடவில்லை. வளர்க்கும் நாய்க்குக்கூட கணவர் பெயர், சோய்ச்சிரோ. கொதாய் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் அங்கே வாழ்ந்தான்.

பொறாமையில் அவனும் புழுங்கினான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் சோய்ச்சிரோவின் கல்லறைக்குப் போய் நின்று பேசுகிறான். பார்த்த நாளிலிருந்து அவள் மனதுக்குள் நீங்கள் இருந்தீர்கள், அப்படிப்பட்டவளைத்தான் விரும்பினேன், அதனால் உங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். கணவரின் பொருட்களை மாமனாரிடம் திருப்பிக் கொடுத்தது கியோகோ தானாக எடுத்த முடிவு. கொதாய் அப்படிக் கேட்கவே இல்லை.

அந்தப் பெண் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். ஆனால் அவரைக் கட்டிக்கொள்பவருக்கு அந்த மாமியாரும் பொறுப்பு. அதற்கு மனமில்லை என்றால் இப்போதே விலகிவிடுங்கள்.

மனம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். உங்கள் காதலைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. படத்தைக் கழற்றச் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். உட்காரச் சொன்னால், அவர் மகனைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்காதீர்கள்.