சோவியத் யூனியனில் சாதாரண மக்களின் வாழ்க்கையில் குடி எப்படி இருந்தது? எல்லாரும் எப்போதும் ஓட்காவில்தான் மிதந்தார்களா?

எல்லாரும் இல்லை. நான் எண்பதுகளில் மாஸ்கோவில் பொறியியல் படித்தவன். 1985-இல் ஆட்சிக்கு வந்த சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மதுவிலக்குப் பிரச்சாரம் தொடங்கியதையும் அது ஓய்ந்துபோனதையும் அங்கேயே இருந்து பார்த்தேன். மாதக்கணக்கில் ஒரு சொட்டுகூடத் தொடாத பேராசிரியர்கள், தொழிலாளிகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் குடிக்காதவர்கள் வீட்டிலும் ஓட்கா பாட்டில் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். ஓட்காவை வெறும் பானமாகப் பார்த்தால் அந்தச் சமூகம் பாதிதான் புரியும். அங்கே அது பணம். பல நேரங்களில் ரூபிளைவிட நம்பகமான பணம்.

என் வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா பள்ளி ஆசிரியை. புத்தாண்டு இரவில் அரை கிளாஸ் ஷாம்பெயினைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆனாலும் அவருடைய துணி அலமாரியில், படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால், இரண்டு மூன்று அரை லிட்டர் பாட்டில்கள் எப்போதும் இருக்கும். சமையலறைக் குழாய் ஒழுகினால் குடியிருப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கலாம். இல்லையென்றால் குழாய் வேலை செய்பவரை நேரில் பார்த்து, வீட்டில் ஒரு பாட்டில் இருக்கிறது என்று சொல்லலாம்; அன்றைக்கே வந்துவிடுவார். அதே வேலைக்கு ரூபிள் நோட்டை நீட்டினால் அவ்வளவாக மகிழமாட்டார். கையில் ரூபிள் இருந்தும் கடையில் வாங்குவதற்குப் பொருள் இல்லாத ஊர் அது. பாட்டில் கெட்டுப்போகாது, எல்லாருக்கும் தேவைப்படும், யாரிடமும் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம்.

கிராமங்களில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. கணவனைப் போரில் இழந்த பாட்டிகள், வீட்டுத் தோட்டத்தை உழ டிராக்டர் ஓட்டுபவருக்கும், விறகு கொண்டுவந்து இறக்குபவருக்கும், கூரையைச் சரிசெய்பவருக்கும் பாட்டிலில்தான் கூலி கொடுத்தார்கள். அதற்காகவே வீட்டில் சமகோன் என்னும் சாராயம் காய்ச்சிய பாட்டிகள் உண்டு. சட்டப்படி குற்றம்தான். ஆனால் அது இல்லாமல் அந்தப் பாட்டிக்கு உருளைக்கிழங்கு விளையாது.

அரசுக்கும் அது பணம்தான். 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது ஜார் அரசு ஓட்கா விற்பனையை நிறுத்தியது. புரட்சிக்குப் பிறகு போல்ஷெவிக்குகளும் அந்தத் தடையைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1925-இல் 40 சதவீத ஓட்கா அரசுக் கடைக்கே திரும்பி வந்தது. 1930-இல் ஸ்டாலின் தன் நெருங்கிய சகா மொலோடோவுக்கு எழுதிய கடிதத்தில், ராணுவத்துக்குப் பணம் வேண்டும், வீண் வெட்கத்தை விட்டுவிட்டு ஓட்கா உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்ற பொருளில் எழுதினார். 1941-இல் போர்முனை வீரர்களுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் ஓட்கா என்று ஆணை வந்தது. (அங்கே ஓட்காவை மில்லிலிட்டரில் யாரும் சொல்வதில்லை, கிராமில்தான்.) பிற்காலத்தில் அரசு வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் மதுவிலிருந்தே வந்தது. வெளியிடப்பட்ட வணிகப் புள்ளிவிவரங்களில் மதுவுக்கென்று தனித் தலைப்பே கிடையாது. "மற்ற உணவுப் பொருட்கள்" என்ற தலைப்புக்குள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். விற்பதும் அரசு, விற்றதை மறைப்பதும் அரசு, குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தவனைத் தூக்கிப்போய்த் தண்டம் போடுவதும் அரசு. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

சரி, எப்படிக் குடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் புகழ்பெற்ற "மூன்று பேர்" கணக்கைச் சொல்கிறேன். அறுபதுகளில் அரை லிட்டர் ஓட்கா 2 ரூபிள் 87 கோபெக் (ஒரு ரூபிளுக்கு 100 கோபெக்). ஆளுக்கு ஒரு ரூபிள் போட்டால் 13 கோபெக் மிஞ்சும். அதில் ஒரு சின்னப் பாலாடைக்கட்டி வாங்கிக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கடை வாசலில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்வார்கள். விரலால் ஒரு சைகை போதும். குடிப்பதற்குக் கிளாஸ் வேண்டுமே! தெருவோரத்தில் சோடா விற்கும் தானியங்கி இயந்திரத்தில் பொதுவாக எல்லாரும் கழுவிக் கழுவிக் குடிக்கும் பட்டை வைத்த கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். அதைத்தான் கொஞ்ச நேரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் போனபோது விலை ஏறிவிட்டது, ஆனால் அந்தப் பழக்கமும் சைகையும் அப்படியே இருந்தன.

பாட்டிலின் மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரண ஓட்கா பாட்டிலுக்குத் திருகு மூடி கிடையாது. மெல்லிய அலுமினியத் தகடு, ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு. அதை இழுத்தால் பிய்ந்து வந்துவிடும். திரும்ப மூட வழியில்லை. திறந்த பாட்டிலைத் தீர்த்துவிட வேண்டும் என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டுக்கு நடந்துபோக வேண்டியவன், மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியவன், பாதியோடு நிறுத்த நினைத்தாலும் முடியாது. ஒரு மூடி மனிதர்களை இப்படி ஆட்டிவைக்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன்.

வீட்டுக்குள் நடப்பது முற்றிலும் வேறு. ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்து அடுக்குமாடி வீடுகளில் சமையலறை என்பது நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் இடம். மனம்விட்டுப் பேச அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. மேசையில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், ஹெர்ரிங் மீன், கறுப்பு ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் குடிப்பதைக் கேவலமாக நினைப்பார்கள். உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பது கிடையாது. யாராவது வாழ்த்துச் சொன்னால் எல்லாரும் ஒரே மடக்கில் முடிக்க வேண்டும். வாழ்த்து இல்லாமல் தனியாக எடுத்து ஊற்றிக்கொள்கிறவனைச் சங்கடத்தோடு பார்ப்பார்கள். காலிப் பாட்டிலை மேசையில் விடக் கூடாது, கீழே தரையில் வைக்க வேண்டும். இறந்தவர் நினைவாகக் குடிக்கும்போது கிளாஸ்களை இடித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கென்று ஒரு கிளாஸில் ஊற்றி, மேலே ஒரு துண்டு ரொட்டியை வைத்துவிடுவார்கள். புது மேலங்கி, தேர்வில் பெற்ற மதிப்பெண், முதல் சம்பளம், அதிகாரியின் தோளில் ஏறிய புது நட்சத்திரம், எல்லாவற்றையும் குடித்துக் கொண்டாடி "கழுவ" வேண்டும். கழுவாவிட்டால் நிலைக்காது என்பார்கள். மறுப்பவனிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீ என்னை மதிக்கிறாயா?" அதற்கு என்ன பதில் சொல்வது! வயிற்றுப்புண், டாக்டர் தடுத்திருக்கிறார் என்று சொன்னால் மட்டுமே விட்டார்கள். நான் சைவம் என்றதைப் புரிந்துகொண்டவர்களால்கூட, குடிக்கமாட்டேன் என்றதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஓட்கா மட்டும்தானா என்றால், இல்லை. கோடையில் தெருமுனையில் மஞ்சள் நிறத் தொட்டி வண்டி நிற்கும், அதில் க்வாஸ். ரொட்டியைப் புளிக்கவைத்த பானம், குழந்தைகளும் குடிப்பார்கள். பீர் என்றால் ஜிகுலியோவ்ஸ்கொயே. உட்கார நாற்காலி இல்லாத பீர் கடைகளில் நின்றுகொண்டே, காய்ந்த கருவாட்டை மேசையில் தட்டித் தோலுரித்துத் தின்றபடி குடிப்பார்கள். ஏழை மாணவனுக்கும் குடியில் மூழ்கியவனுக்கும் "777" என்ற எண் போட்ட போர்ட்வைன் என்னும் மலிவு வைன். போர்ட் வைனுக்குப் பெயர்போன போர்ச்சுகலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மறுநாள் காலைத் தலைவலிக்கு அதுதான் பெயர்போனது. புத்தாண்டுக்கு "சோவியத் ஷாம்பெயின்". 1936-இல் அதைப் பெரிய அளவில் தயாரிக்க முடிவெடுத்தார்கள். பெரிய தொட்டிகளில் நுரைக்கவைக்கும் முறையை ஃப்ரோலோவ்-பக்ரேயேவ் என்ற வேதியியலாளர் வளர்த்தெடுத்ததால், பணக்காரர்களின் பானம் தொழிலாளி வீட்டுக்கும் வந்தது. அந்த ஒரு பாட்டிலுக்காக டிசம்பர் குளிரில் வரிசையில் நிற்பவர்களின் முகத்தில் ஒரு பண்டிகைக் களை இருக்கும்.

யூனியனின் இன்னொரு குடியரசான ஜார்ஜியாவில் இதெல்லாம் தலைகீழ். அங்கே மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் வீட்டு வைன். விருந்தை நடத்துவதற்கு ஒரு தமதா இருப்பார். எப்போது, யாருக்காக, எதற்காகக் குடிப்பது என்று அவர்தான் சொல்வார். பெற்றோர், மறைந்தோர், குழந்தைகள், விருந்தாளி என்று வரிசை போகும். மணிக்கணக்கில் குடிப்பார்கள், ஆனால் தள்ளாடுவது மானக்கேடு. ஒரே நாட்டின் குடிமக்கள்தான், ஆனால் குடியில் இரண்டு உலகம்.

அடுத்தது, தெருவில் விழுந்தவர்கள். அவர்களைப் போலீஸ் வண்டி போதை தெளியவைக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோகும். முதல் நிலையம் 1931-இல் லெனின்கிராதில் திறந்தது. இரவு படுக்கவைத்து, காலையில் கட்டணம் வசூலித்து, வேலையிடத்துக்குக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். கடிதத்தால் போனஸ் போகும். அரசு வீட்டுக்கான காத்திருப்பு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படலாம். அந்த வீட்டுக்காகப் பத்து வருஷம் காத்திருந்தது மனைவியும்தான். குடியைப் பற்றி ரசித்து ரசித்துச் சொல்பவர்கள் பெண்களை மறந்துவிடுகிறார்கள். சம்பள நாளில் தொழிற்சாலை வாசலில் கணவனுக்காகக் காத்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நிற்காவிட்டால் அந்த மாதம் வீட்டில் காசு இல்லை.

1985 மே மாதம் வந்த கோர்பச்சேவின் மதுக் கட்டுப்பாட்டு ஆணையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். கடைகள் குறைந்தன. பிற்பகல் 2 மணிக்கு முன் விற்பனை இல்லை. அதற்கு முன்பு, 1972-இலிருந்து, காலை 11 மணிக்கே தொடங்கும். வயது வரம்பு 21 ஆனது. 1986-க்குள் அரை லிட்டர் 9, 10 ரூபிளுக்குப் போனது. சராசரிச் சம்பளம் அப்போது மாதம் 190 ரூபிள் அளவில். வரிசைகள் தெருவையே சுற்றிக்கொண்டன. மது இல்லாத திருமணங்களைக் கட்சி நடத்தியது. சில மேசைகளில் தேநீர்க் கெண்டிக்குள் கொன்யாக் என்னும் பிராந்தி இருந்தது. வீடுகளில் மூன்று லிட்டர் ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் நொதித்தன. ஜாடி வாயில் மாட்டிய ரப்பர் கையுறை வாயுவால் உப்பி நிமிர்ந்து நிற்கும். அதற்கு "கோர்பச்சேவுக்கு வணக்கம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். சர்க்கரை கடைகளிலிருந்து மறைந்து, பல ஊர்களில் ரேஷன் கூப்பனுக்குப் போனது. கொலோன், பசை, தொழிற்சாலை ஸ்பிரிட் எல்லாவற்றையும் குடித்து இறந்தவர்கள் உண்டு. கிரிமியாவிலும் மால்டோவாவிலும் திராட்சைத் தோட்டங்களைப் பிடுங்கினார்கள். யால்தாவில் மகராச் திராட்சை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பாவெல் கொலோத்ரிகா, வாழ்நாள் முழுவதும் புது திராட்சை ரகங்களை உருவாக்கியவர், 1986-இல் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் தோட்டங்களுக்குச் செய்தது மன்னிக்க முடியாத முட்டாள்தனம். ஓட்காவுக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனாலும் அந்தப் பிரச்சாரத்தை வெறும் கேலிக்கூத்தாகச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ரஷ்யக் குடியரசில் ஆண்களின் சராசரி ஆயுள் 1984-இல் கிட்டத்தட்ட 62 வயது. 1987-இல் அது கிட்டத்தட்ட 65. மூன்று ஆண்டுகளில் மூன்று வயது கூடியது. விபத்தும் அடிதடியும் குறைந்தன. தோழனின் அம்மா ஒருமுறை சொன்னார்: அவர் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமைகளில் முன்பைவிட நன்றாகத் தூங்கிய முகத்தோடு வருகிறார்களாம். அதை எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்திருக்காது.

ஏன் நிலைக்கவில்லை? என் பார்வையில், பாட்டிலை எடுத்துவிட்டு அது செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு மாற்று எதையும் வைக்கவில்லை. குழாயைச் சரிசெய்ய அப்போதும் பாட்டில்தான் வேண்டியிருந்தது, அதன் மதிப்புதான் ஏறியது. மாலையில் போய் உட்கார ஒரு நல்ல டீக்கடைகூடப் புதிதாக வரவில்லை. எண்ணெய் விலை சரிந்த 1986-இலேயே மது வருமானமும் போனதால் கருவூலம் காய்ந்தது. 1988-இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். யூனியன் கலைந்தபின் மலிவு ஸ்பிரிட் வெள்ளமாக வந்தது. 1994-இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58-க்கும் கீழே போனது. என்னோடு படித்தவர்களில் சிலரும் அந்த ஆண்டுகளில்தான் போனார்கள்.

இப்போதும் அப்படித்தானா என்று கேட்டால், இல்லை. 2000-களின் நடுவிலிருந்து வரி, இரவு விற்பனைத் தடை, விளம்பரக் கட்டுப்பாடு என்று படிப்படியாகச் செய்தார்கள். 2003-க்கும் 2016-க்கும் இடையில் தலைக்கு மது நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்த முறை திராட்சைத் தோட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை.