பனியன் கம்பெனி 2050ல் இருக்குமா?

கோவையில் முதுகலை மாணவர்களுக்கு எதிர்கால ஆய்வு என்ற பாடம் எடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இதோ பதில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சினாரியோ, அதாவது எதிர்காலம் எப்படியெல்லாம் அமையலாம் என்று வரைந்து பார்க்கும் சித்திரம், ஜோசியம் அல்ல.

ஈரோடு மாணவி: போக்கு, சினாரியோ ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்?

இல்லைங்க. போக்கு என்பது இதுவரை வந்த தடம். எங்கள் தோட்டத்தில் அப்பா 200 அடியில் போர் போட்டார். நான் 900 அடி போட்டும் புகைதான் வந்தது. அதே கோட்டை நீட்டினால் பேரன் காலத்தில் 2,300 அடி என்று வரும். கணக்கு சரிதான், ஆனால் அதற்கு முன்பே தோட்டம் சைட்டாகிவிடும். கோடு எங்கே ஒடியும் என்று யோசிக்கத்தான் சினாரியோ. 2010ல் திருப்பூர் ஏற்றுமதிக் கணக்கை மட்டும் பார்த்தவர், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திகைத்திருப்பார். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்கு ஒரு நடை போய்ச் சாயத்தண்ணியைப் பார்த்தவர் திகைத்திருக்க மாட்டார்.

பல்லடம்: 2050ல பனியன் கம்பெனி இருக்குமா சார்?

மேலே முதல் பத்தி.

நாமக்கல் மாணவர்: டெல்ஃபி முறை (நிபுணர்களிடம் பல சுற்றாகக் கருத்துக் கேட்பது) பரீட்சைக்கு வருமா?

உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள்.

பெருந்துறை மாணவர்: கீழ்பவானி வாய்க்காலை வைத்து ப்ராஜெக்ட் செய்யலாமா?

அருமையான விஷயம். 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் மண் வாய்க்கால். கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. நிச்சயமில்லாத இரண்டு விஷயங்களை எடுங்கள்: பவானிசாகர் அணைக்கு வரும் தண்ணீர், வயலில் வேலைக்குக் கிடைக்கும் ஆள். கூடினால், குறைந்தால் என்று குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஓர் உலகம். நான்கிலும் கான்கிரீட்டை வைத்துப் பாருங்கள்.

கடைமடை விவசாயி: கட்டம் போட்டா எங்க காட்டுக்குத் தண்ணி வருமுங்களா? கசிஞ்சே பாதி போகுது.

பெருந்துறை மாணவரின் அப்பா: கசியறதுலதானுங்க எங்க கிணறே ஊறுது. குடிதண்ணிக்கு அப்புறம் எங்க போறது?

கடைமடை விவசாயி: உங்க கிணத்துக்கு எங்க பங்குத் தண்ணியா?

இதற்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தச் சண்டைதான். நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கவனியுங்கள், இருவருமே ‘தண்ணி’ என்கிறார்கள். ஒருவர் வாய்க்காலில் ஓடுவதை, இன்னொருவர் மண்ணுக்கடியில் இருப்பதை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாத ப்ராஜெக்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். தம்பி, அப்பாவை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு வராதீர்கள். கடைமடைக்கும் போய் வாருங்கள்.

சூலூர்: இந்தப் படிப்புக்கு வெளிநாட்டில் எங்கே போகலாம்?

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம். குளிருக்குத் தயாராகப் போங்கள்.

அவிநாசி: அத்திக்கடவுத் திட்டத்துத் தண்ணி எங்க ஊருக்கு வந்துருச்சு. இனி 2040ல இங்க சைட் விலை என்ன ஆகும் சார்?

ஐயா, முதல் பத்தி.

கடைமடை விவசாயி: அந்த மாணவர் எப்ப வர்றாருங்க? எங்க மடையை நானே காட்டறேன்.