Re: பொண்ணு எரிமலைப் பாறை படிக்கணும்கிறா, வேலை கிடைக்குமா?

தண்டையார்பேட்டை அண்ணே, "நம்ம ஊர்ல எரிமலையே இல்லையே, இதைப் படிச்சு என்ன பண்ணுவா"ன்னு கேட்டிருந்தீங்க. மகாராஷ்டிராவுல பெரும்பகுதி சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வழிஞ்ச எரிமலைக் குழம்பு மேலதான் நிக்குது. அந்தமான் பக்கம் பாரன் தீவு இன்னைக்கும் உயிரோட இருக்கு.

இந்த வேலையில எரிமலை வாயில போய் நிக்கிறது அபூர்வம். பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பார்க்கிறதுதான் அன்றாட வேலை. பசால்ட்டுல, அதாவது எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருப்புப் பாறையில, இருக்கிற பிளாஜியோகிளேஸ்ங்கிற கனிமப் படிகம் கருப்பு வெள்ளையா கோடு கோடாத் தெரியும். மைக்ராஸ்கோப்ல பாறையை வைக்கிற மேடையைத் திருப்பினா கருப்பு வெள்ளையாகும், வெள்ளை கருப்பாகும். அவ்வளவு அழகு!

சென்னை மாநிலக் கல்லூரியில பி.எஸ்சி. ஜியாலஜி (புவியியல் பாறைப் படிப்பு) இருக்கு, வீட்டுலேருந்தே போய்வரலாம். அப்புறம் ஜாம்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில எம்.எஸ்சி. அரசு வேலைன்னா யுபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. பேராசிரியர் ஆகணும்னா பிஎச்.டி. முடிக்கணும், அதுக்கு வருஷக்கணக்குல பொறுமை வேணும். ஆசையாக் கேக்குறா, சேர்த்துவிடுங்க அண்ணே.