பிரஷர், சுகர், நார்மல் ரேஞ்ச்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் பிரஷர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வருகிறது. மெஷின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான் கோளாறு. மாடி ஏறி வந்த கையோடு எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது. கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வையுங்கள். தொங்கவிட்டால் அளவு கூடும். பட்டை கைக்குச் சிறிதாக இருந்தாலும், பேசிக்கொண்டே எடுத்தாலும் கூடும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுத்துச் சராசரியை எழுதுங்கள். ஒற்றை அளவை வைத்து மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள்.

கேள்வி: குளுக்கோமீட்டரில் 142, லேபில் 130. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரிதான். குளுக்கோமீட்டர்களுக்கான 2013 ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமே, சுகர் 100-க்கு மேல் இருந்தால் மீட்டர் 15 சதவீதம் முன்னே பின்னே காட்ட இடம் தருகிறது. பழம் நறுக்கிய விரலில் குத்தினால் இன்னும் ஏறும். கை கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் ரேஞ்சைத் தாண்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படிதான் பொதுவாக ரேஞ்ச் போடுகிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது வெளியே போக 64 சதவீத வாய்ப்பு உண்டு. எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்து சாப்பிட்டு எண் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: அந்த எண்மீது வேலை செய்கிறது, அவ்வளவுதான். மாரடைப்பு கண்டவர்களுக்கு இடையிடையே தப்பித் துடிக்கும் துடிப்புகளை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். காஸ்ட் என்ற ஆய்வில், மருந்தால் துடிப்பு அடங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு அதே மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1989-இல் ஆய்வில் அந்த இரண்டு மருந்துகளையும் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஈசிஜி அழகாகத்தான் இருந்தது.

கேள்வி: அப்போ பிரஷரும் வெறும் எண்தானே? மாத்திரை எதற்கு?

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பிரஷருக்கு மருந்து கொடுத்து, எண்ணை மட்டும் பார்க்காமல் பக்கவாதத்தையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1991-இல் வெளியான ஷெப் ஆய்வில், மேல் அளவு 160-க்குமேல் இருந்த, அறுபது தாண்டியவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. துடிப்பு விஷயத்தில் இப்படி எண்ணிப் பார்க்கும் முன்பே எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்த என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு மருந்துக்கும் சாவை எண்ணிக்கொண்டிருந்தால் நோயாளி எத்தனை வருஷம் காத்திருப்பார்?

பதில்: நியாயமான சண்டை. எச்ஐவி-யில் வைரஸ் அளவு குறைந்தால் நோயும் பின்வாங்குகிறது என்று நிறைய ஆய்வுகளில் உறுதியான பிறகு, அந்த எண்ணே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். அப்படித் தேறிய எண்கள் குறைவு.

கேள்வி: மீட்டரில் 156, லேபில் 149...

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: மீட்டரும் லேபும் ஒத்துப்போகவில்லை. மீட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: இரண்டாவது பதில்!

கேள்வி: எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 7.1. டோஸ் கூட்டலாமா?

பதில்: ஒற்றை அளவு, மறுபடியும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம். இருந்தால் அதையும் சொல்லுங்கள்.